தமிழுக்கு ஒரு டிக்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். அதில் விண்டோஸ் இருக்கும், அல்லது லினக்ஸ் இருக்கும். வீட்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிற பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்தால் கணக்கைக் கொஞ்சம் திருத்திக் கொள்ளுங்கள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸில் ஒன்று ஓடுகிறது. வைஃபை ரவுட்டரில் ஒன்று ஓடுகிறது. 2017ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு ரேஷன் கடையில் அந்தக் கார்டை ஸ்கேன் செய்கிறார்களே, அந்தக் கையடக்க மெஷினிலும் ஒன்று ஓடுகிறது.

இப்படி ஒரு கருவிக்குள் பதிந்து, அந்தக் கருவியின் வேலையை மட்டும் பார்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எம்பெடட் ஓஎஸ் என்று பெயர். விண்டோஸை நீங்கள் இன்ஸ்டால் செய்தீர்கள், அல்லது கடைக்காரர் செய்து கொடுத்தார். எம்பெடட் ஓஎஸ் அப்படி வருவதில்லை. கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் உட்கார்ந்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்தக் கருவிக்கென்றே ஒரு ஓஎஸ்ஸைக் கட்டுகிறார். இப்போது இந்தப் பொறுக்கும் வேலை பெரும்பாலும் மவுஸால் டிக் போடும் வேலைதான்.

நான் அந்த வேலை செய்கிறவன். கள்ளக்குறிச்சிக்காரன். எங்கள் பக்கத்துக் கருவிகள் பலவற்றில் தமிழ் வராமல் போவதற்குக் காரணம் பணமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. முதல் நாள் போட்டிருக்க வேண்டிய ஒரு டிக்கை யாரும் போடவில்லை, போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இதுதான் என் கருத்து. அதை விளக்குவதற்கு முன்னால் அந்த டிக் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

டிக் போட்டு ஓஎஸ் கட்டுவது

ஒரு காலத்தில் இது சில பேருக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இருந்தது. நீளமான டெக்ஸ்ட் ஃபைல்களைத் திறந்து வரி வரியாக மாற்ற வேண்டும். ஒரு எழுத்து தவறினால் பாதி ராத்திரியில் எர்ரர் வரும். கிராஃபிகல் டூல்கள் வந்து இதை மாற்றின.

மைக்ரோசாஃப்ட் 1996ல் விண்டோஸ் சிஇ என்ற சிறிய ஓஎஸ்ஸை வெளியிட்டது. அதற்கென்று பிளாட்ஃபார்ம் பில்டர் என்ற டூலைக் கொடுத்தது. ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு கேட்டலாக் இருக்கும். நெட்வொர்க் வேண்டுமா, டச் ஸ்க்ரீன் வேண்டுமா, பிரவுசர் வேண்டுமா என்று பார்த்து டிக் போட வேண்டியதுதான். பிறகு பில்டு கொடுத்தால் கருவியில் ஏற்றத் தயாரான ஒரே ஃபைலாக ஓஎஸ் வெளியே வரும். 1998ல் சிக்னஸ் என்ற நிறுவனம் ஈகாஸ் என்ற சிறிய ஓஎஸ்ஸை வெளியிட்டது. அதிலும் இதே மாதிரி டிக் போடும் டூல் உண்டு.

லினக்ஸ் பக்கத்தில் கெர்னலுக்கு எக்ஸ்கான்ஃபிக் என்ற விண்டோ உண்டு. 2002ல் அது இன்றைய உருவத்துக்கு வந்தது. முழு எம்பெடட் லினக்ஸையும் கட்ட பில்ட்ரூட் என்ற இலவசத் திட்டம் 2001ல் தொடங்கியது. 2010ல் யாக்டோ என்ற இன்னும் பெரிய திட்டம் வந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது பில்ட்ரூட்தான். இரண்டாயிரத்துக்கும் அதிகமான மென்பொருள் பேக்கேஜ்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. கெர்னலுக்குப் பழகிய அதே எக்ஸ்கான்ஃபிக் விண்டோதான் இங்கேயும். இடது பக்கம் மரம் மாதிரி மெனு. வலது பக்கம் டிக் போடும் கட்டங்கள். கீழே ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம்.

கருவியின் பிராசசர் எது, கெர்னல் எந்த வெர்ஷன், எந்தெந்த மென்பொருள் வேண்டும், கடைசியில் வரும் ஃபைல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வரிசையாகக் குறித்துவிட்டு பில்டு கொடுக்கலாம். மற்றதை அது பார்த்துக் கொள்ளும். சோர்ஸ் கோடை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, கம்பைல் செய்து, ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு எளிதாகிவிட்டது நல்லதுதான். ஆனால் வேலை எளிதானாலும் யோசனை எளிதாகிவிடவில்லை. எதற்கு டிக் போட வேண்டும் என்று எந்த டூலும் சொல்லாது. கருவி எந்த ஊருக்குப் போகிறது, யார் கையில் இருக்கப் போகிறது என்று அதற்குத் தெரியாது.

பால் சங்கத்துச் சீட்டு

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் வருடத்துக்கு ஒரு முறை பணம் தரும். பால்தான் தினப்படி வருமானம். காலையிலும் சாயங்காலமும் பால் சங்கத்தில் ஊற்றுகிறார்கள். இப்போது பல சங்கங்களில் எலெக்ட்ரானிக் தராசு, பாலின் கொழுப்பை அளக்கும் மெஷின், அதோடு சேர்ந்த சின்னக் கம்ப்யூட்டர், ஒரு குட்டி பிரிண்டர் இருக்கின்றன. ஊற்றிய உடனே சீட்டு வந்துவிடும். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை என்று அதில் இருக்கும். அந்தக் காலத்து நோட்டுக் கணக்கை விட இது எவ்வளவோ மேல்.

கச்சிராயபாளையம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் அந்தச் சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. பால் ஊற்றுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. சீட்டை மடித்து முந்தானையில் முடிந்து கொண்டு போய், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியிடம் காட்டிக் கேட்கிறார்கள். இன்று கொழுப்பு குறைந்து விலை குறைந்தது என்று தெரிய வரும்போது கேள்வி கேட்கும் நேரம் போய்விடுகிறது. சண்டை போட வேண்டிய இடம் சங்கத்து வாசல். சீட்டைப் படித்துத் தெரிந்து கொள்ளும் இடமோ வீட்டுத் திண்ணை.

சங்கத்தில் மெஷினைப் பார்த்துக் கொள்கிறவரிடம் பேசினேன். "தமிழ் வராதாம் தம்பி. கம்பெனிக்காரங்க கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டோம். இந்த மெஷினுக்கு அது கிடையாதுன்னுட்டாங்க" என்றார். "வரும்ணே, அந்த மெஷினுக்குள்ள ஓடுறது லினக்ஸ்தான்" என்றேன். "அப்ப ஏன் கிடையாதுங்கறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அந்த எக்ஸ்கான்ஃபிக் விண்டோவில் பதில் இருக்கிறது.

தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது

தமிழ் 1991ல் வந்த யுனிகோட் முதல் பதிப்பிலேயே இடம் பெற்றுவிட்டது. 2010ல் தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றுக் கொண்டது. ஆகவே எழுத்துக்கு எண் இருக்கிறதா என்ற பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த எண்களை ஸ்க்ரீனிலோ சீட்டிலோ சரியான உருவமாக வரைவது தனி வேலை.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை வரைந்துவிட்டு அதற்கு வலது பக்கம் அடுத்த எழுத்தை வரைந்தால் போதும். தமிழில் அது போதாது. "கொக்கு" என்று எழுதப் பாருங்கள். முதல் எழுத்துக்கு ஒற்றைக்கொம்பு இடது பக்கம், துணைக்கால் வலது பக்கம், நடுவில் க. அடுத்த எழுத்தின் தலையில் புள்ளி சரியாக உட்கார வேண்டும். கடைசியில் கு என்பது வேறு உருவம். இந்த ஒழுங்கைப் பார்த்துக் கொள்ள ஒரு மென்பொருள் தேவை. லினக்ஸில் அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. அதோடு ஃபான்ட்டைப் படித்து வரைய ஃப்ரீடைப், வரிகளை அமைக்க பேங்கோ. இவை இருந்து, ஒரு தமிழ் ஃபான்ட்டும் இருந்தால் தமிழ் வந்துவிடும். இந்த மூன்றும் பில்ட்ரூட் பட்டியலில் இருக்கின்றன. சில எம்பி இடம் பிடிக்கும். இன்றைக்கு மிக மலிவான கருவியிலும் அந்த இடம் இருக்கிறது.

பல மலிவான தெர்மல் பிரிண்டர்களுக்குள் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கும், தமிழ் இருக்காது என்பது உண்மை. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. தமிழ் வரியைக் கருவியே படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்பினால் அது படமாக அச்சடித்துவிடும். கடையின் லோகோவை பில்லில் அச்சடிப்பதும் இதே முறையில்தான்.

சரி, பிறகு ஏன் "கிடையாது" என்கிறார்கள்? இந்த டூல்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பேக்கேஜுக்கு வேறு ஒன்று தேவைப்பட்டு, அந்தத் தேவை நிறைவேறாமல் இருந்தால், பேக்கேஜின் கட்டத்தையே டூல் மறைத்துவிடும். ஹார்ஃப்பஸ் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. டூல்செயின் என்ற பகுதியில் சி பிளஸ் பிளஸ் ஆதரவுக்கு நீங்கள் டிக் போடவில்லை என்றால் ஹார்ஃப்பஸுக்கு டிக் போடக் கட்டமே இருக்காது. சி பிளஸ் பிளஸ் தேவை என்று ஒரு வரி விளக்கம் மட்டும் அங்கே நிற்கும். அவசரத்தில் பட்டியலை உருட்டிக் கொண்டு போகிறவர் கண்ணில் அது படாது. "பார்த்தோம், இல்லை" என்று எழுதிவிடுவார். அந்தச் சொல்தான் பொறியாளரிடமிருந்து மேனேஜருக்கும், மேனேஜரிடமிருந்து விற்பனையாளருக்கும், விற்பனையாளரிடமிருந்து பால் சங்கத்துக்கும் வந்து சேர்கிறது.

எக்ஸ்கான்ஃபிக்கில் எல்லா ஆப்ஷன்களையும் காட்டு என்று ஒரு மெனு இருக்கிறது. தேடும் வசதியும் இருக்கிறது. தேடினால் எது தேவை, எதனால் மறைந்திருக்கிறது என்று எல்லாம் தெரியும். கண்ணில் படாததை இல்லாதது என்று முடிவு கட்டக் கூடாது. கம்ப்யூட்டருக்குப் புதியவரும் இதை மனதில் வைத்துக் கொள்ளலாம்.

கடைசியில் சேர்க்கலாமே?

"முதலில் கருவி ஓடட்டும். தமிழைக் கடைசியில் சேர்த்துக் கொள்ளலாம்." இதை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த டூல்கள் வேலை செய்யும் முறைக்கு இது ஒத்து வராது.

பில்ட்ரூட்டில் டூல்செயினில் எதை மாற்றினாலும் அதுவரை கட்டியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். சி பிளஸ் பிளஸ் டிக் டூல்செயினில்தான் இருக்கிறது. ஆறு மாதம் வேலை பார்த்து, சோதனை எல்லாம் முடித்து, கருவி சந்தைக்குப் போகும் வாரத்தில் "தமிழ் வேண்டும்" என்றால் மொத்தக் கட்டடத்தையும் அஸ்திவாரத்திலிருந்து எழுப்பி மறுபடி சோதிக்க வேண்டும். எந்த மேனேஜரும் சம்மதிக்க மாட்டார். அடுத்த மாடலில் பார்ப்போம் என்பார். அடுத்த மாடலிலும் இதே கதைதான். முதல் நாள் அந்த டிக்கைப் போட அரை விநாடி ஆகும். கடைசி நாள் போட்டால் மாதக்கணக்கு. தமிழ் அஸ்திவாரத்தில் இருக்க வேண்டும். கட்டடம் முடிந்த பிறகு பூசும் சுண்ணாம்பாக அதை நினைக்கக் கூடாது.

மலைக்கென்று சில டிக்குகள்

தமிழை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன்மலை வட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். சுற்றிலும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, மரவள்ளி, கடுக்காய் விளையும் மண். சமவெளியில் உட்கார்ந்து கட்டிய கருவியை அங்கே கொண்டு போய் வைப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும். மலையின் மடிப்புகளில் செல்போன் சிக்னல் வரும், போகும். அங்கே நிற்கிற கருவிக்கு என்னவெல்லாம் வேண்டும்?

முதலில் கடிகாரம். லினக்ஸ் கருவியில் பேட்டரி வைத்த கடிகாரச் சிப் இல்லாவிட்டாலோ, சிப் இருந்தும் கெர்னலில் அதன் டிரைவருக்கு டிக் போடாவிட்டாலோ, கரண்ட் போய் வரும்போது பல கருவிகளில் தேதி 1970 ஜனவரி 1க்குப் போய்விடும். ஊரில் இன்டர்நெட் இருந்தால் அதிலிருந்து நேரத்தை எடுத்துக் கொள்ளும். மலையில் எங்கிருந்து எடுக்கும்? 1970ல் போட்ட சீட்டை வைத்துக் கொண்டு எந்தக் கணக்கைக் கேட்பது?

இரண்டாவது, நேர மண்டலம். அதைக் குறிக்காமல் விட்டால் கருவி உலகப் பொது நேரத்தைக் காட்டும். நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி பின்தங்கியது. காலை 5.15க்கு ஊற்றிய பால், முந்தின நாள் இரவு 11.45 என்று பதிவாகும். தேதியே மாறிவிடுகிறது பாருங்கள். இதற்கு மெனுவில் ஒரு டிக் போட்டு, ஆசியா, கொல்கத்தா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாவது, கரண்ட். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல்கள் கெட்டுப் போகலாம், கருவி மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். ஓஎஸ் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் முடிகிற வடிவத்தில் கட்டி, கணக்கை மட்டும் தனிப் பகுதியில் எழுத வைத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வடிவம் அதற்காகவே பட்டியலில் இருக்கிறது. மலைப்பாதையில் ரிப்பேர்காரர் வந்து போக ஒரு நாள் ஆகும் என்று தெரிந்தவர் இந்த டிக்கை மறக்க மாட்டார்.

நான்காவது, நெட்வொர்க் இல்லாத நேரம். கணக்கைக் கருவியிலேயே சேர்த்து வைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்ப வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும். அதுவும் ஒரு டிக்தான். அனுப்பும் புரோகிராமை மட்டும் நாம் எழுத வேண்டும்.

கடிகாரச் சிப்பின் விலையை விட்டுவிட்டால் இவற்றில் எதற்கும் காசு கிடையாது. இடத்தைத் தெரிந்தவர் டிக் போடுகிறார், தெரியாதவர் விட்டுவிடுகிறார்.

சிம்ப்யூட்டர் காட்டிய வழி

இதை நான் முதலில் யோசித்ததாகப் பெருமை அடிக்க முடியாது. 2001ல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தார்கள். அதற்குள் ஓடியது எம்பெடட் லினக்ஸ். எளிமை, மலிவு, பன்மொழி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயரின் முன்பாதி. மொழி பெயரிலேயே இருந்தது. பலர் பகிர்ந்து கொள்ளும்படி ஸ்மார்ட் கார்டு வசதியும் வைத்தார்கள்.

2004ல் அமிடா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவில் தொடங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. பிறகு செல்போன்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டன. அதைத் தோற்றுப் போன கருவி என்று சொல்கிறவர்கள் உண்டு. விற்பனையில் தோற்றது, யோசனையில் தோற்கவில்லை என்பேன். யாருடைய கைக்குப் போகிறது என்று முதலில் கேட்டுவிட்டுக் கருவியைக் கட்டினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, எல்லாம் மவுஸ் கிளிக்கில் கிடைக்கும் இந்த நாளில், நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

இரண்டு ஆட்சேபணைகள்

கமாண்ட் லைனில் பழகிய என் சீனியர்கள் சிலர், டிக் போட்டுப் பழகினால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, ஆன் செய்தால் எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகிற கருவிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் துறைக்குள் வருவதற்கு ஒரு வாசல் வேண்டும். கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த வாசல் எக்ஸ்கான்ஃபிக் விண்டோவாக இருக்கட்டும். கீழே வரும் விளக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

எந்த டூலாக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று சிலர் சொல்வார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் சிஇ குடும்பத்தின் கடைசிப் பதிப்பான விண்டோஸ் எம்பெடட் காம்பாக்ட் 2013க்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதை நம்பிக் கட்டிய கருவிகள் இன்னும் ஓடலாம். ஆனால் குறை கண்டுபிடிக்கப்பட்டால் சரி செய்து தர ஆள் இல்லை. திறந்த மூல டூலில் ஒருவர் விட்டால் இன்னொருவர் தொடரலாம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது தெரிந்து, 2003ல் அதன் சோர்ஸ் கோடு வெளியிடப்பட்டது. அதை வைத்து 2004ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. அந்த ரவுட்டர் பழைய பொருளாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. திட்டம் இன்றும் நடக்கிறது, நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் ஓடுகிறது.

எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

நீங்கள் போட்ட டிக்குகள் எல்லாம் கடைசியில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கப்படும். பில்ட்ரூட்டில் அதற்கு டெஃப்கான்ஃபிக் என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கருவியின் ஜாதகமே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ் இருக்கிறதா, கடிகாரம் இருக்கிறதா, கரண்ட் போனால் தாங்குமா என்று அதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அரசுத் துறையோ கூட்டுறவுச் சங்கமோ பஞ்சாயத்தோ மக்கள் பணத்தில் கருவி வாங்கும்போது, டெண்டரில் இந்த ஃபைலையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் யோசனை. இதில் புதுமை எதுவும் இல்லை. லினக்ஸ் கெர்னல் 1991ல் எழுதப்பட்ட ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின் கீழ் வருகிறது. அதை வைத்துக் கருவி விற்கிறவர், கேட்கிறவருக்கு சோர்ஸ் கோடையும் அதைக் கட்டப் பயன்பட்ட ஸ்கிரிப்ட்களையும் தர வேண்டும் என்று அந்த உரிமமே சொல்கிறது. பில்ட்ரூட்டில் இவற்றைத் திரட்டிக் கொடுக்கத் தனி கமாண்டே இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். நாம்தான் கேட்பதில்லை.

கூடவே ஒரு வரி நிபந்தனையும் சேர்க்கலாம்: பயனாளர் கையில் தரும் சீட்டும் பயனாளர் பார்க்கும் ஸ்க்ரீனும் தமிழில் இருக்க வேண்டும். டெண்டரில் இப்படி ஒரு வரி இருந்தால் பொறியாளர் முதல் நாளே டூல்செயினுக்குப் போய் அந்த டிக்கைப் போட்டுவிடுவார். நானும் போடுவேன்.

வீட்டில் முயன்று பாருங்கள்

இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸ் 11 இருந்தால் அதில் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியில் உபுண்டு லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். கம்பைலர், க்யூஎம்யூ, எக்ஸ்கான்ஃபிக்குக்குத் தேவையான க்யூடி ஆகியவற்றையும் உபுண்டுவில் சேர்த்துக் கொள்ளுங்கள். பில்ட்ரூட் தளத்திலிருந்து அதன் தொகுப்பை இறக்கி, உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் விரியுங்கள். சி டிரைவில் வைக்காதீர்கள், வேகம் குறையும்.

அந்த ஃபோல்டருக்குள் போய் 'மேக் லிஸ்ட்-டெஃப்கான்ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் தயார் நிலைப் பட்டியல் வரும். அதில் க்யூஎம்யூ என்று தொடங்கி எக்ஸ்86, 64 என்று வருவதைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை 'மேக்' என்ற சொல்லுக்குப் பின்னால் கொடுங்கள். க்யூஎம்யூ என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் பாவனையாகக் காட்டும் மென்பொருள். பிறகு 'மேக் எக்ஸ்கான்ஃபிக்' கொடுத்தால் நான் சொன்ன விண்டோ திறக்கும். டூல்செயினில் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு டிக் போடுங்கள். அதுவரை காணாமல் இருந்த ஹார்ஃப்பஸ் கட்டம் எட்டிப் பார்க்கும். அதற்கும் டிக் போட்டு, சேமித்து, 'மேக்' என்று மட்டும் கொடுங்கள்.

பாத்தில் இடைவெளி இருக்கிறது என்று சொல்லி அது வேலை செய்ய மறுத்தால் பயப்படாதீர்கள். விண்டோஸின் ஃபோல்டர் பெயர்களில் இருக்கும் இடைவெளி அதற்குப் பிடிக்காது. டபிள்யூஎஸ்எல் செட்டிங்கில் விண்டோஸ் பாத்தைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும். முதல் முறை கட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். லேப்டாப் சூடாகும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முடிந்ததும் அவுட்புட் ஃபோல்டருக்குள் இமேஜஸ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். நீங்கள் கட்டிய ஓஎஸ் அங்கே இருக்கும். பக்கத்திலேயே அதை க்யூஎம்யூவில் ஓட்டிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்டும் இருக்கும். ஓட்டினால் கருப்பு ஸ்க்ரீனில் லாகின் கேட்கும். ரூட் என்று கொடுங்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டது அந்த டூல், பதில் சொன்னது நீங்கள்.

இதைச் செய்து பார்த்தவரிடம் இனி யாரும் "இந்த மெஷினுக்குத் தமிழ் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. எந்த டிக் விட்டுப் போயிற்று என்று அவர் திருப்பிக் கேட்பார். ஊருக்கு ஒருவர் இப்படிக் கேட்டால் போதும்.